இன்ஜின் ஒண்ணுக்குப் போகுதா?

"தண்ணியிலதானே ஓடுது, அப்புறம் எப்படி மச்சி இன்ஜின் சூடாகும்?"

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்புல பக்கத்துல உக்கார்ற நண்பன் கேட்டது. அவனுக்கு ஊர் கோவில்பட்டி. திருச்செந்தூருக்கு மொட்டை போடப் போனப்ப கடலைப் பாத்ததோட சரி. ஆனா கேள்வி நியாயமான கேள்விதான். மிதக்கிறது தண்ணி மேல, சுத்திலும் தண்ணி, இதுல சூடுங்கிற பேச்சு எங்கேருந்து வருது? வகுப்புல குசுகுசுன்னு சொல்லி முடிக்கிற பதில் இல்ல இது. அதான் இங்க உக்காந்து எழுதுறேன். மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா, ஒரு பி.காம். பையன் உங்க ஏரியாவுக்குள்ள காலை வெக்கிறதை மன்னிச்சுடுங்க. உங்க லேப்ல இல்லாத ஒரு ஐட்டம் எங்களுக்கு இலவசமா கிடைக்குது. உப்புத் தண்ணி.

தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் நடுவுல ஒரு கடற்கரை ஊர் எங்களுது. அப்பாவுக்குச் சொந்தமா ஒரு பைபர் படகு. அதுக்குப் பின்னால மாட்டுற அவுட்போர்டு இன்ஜின் 9.9 குதிரைச் சக்தி, மண்ணெண்ணெய்ல ஓடுறது. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடு ஏறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்திக்கணும். எடை ஏறக்குறைய 40 கிலோ. கரைக்கு வந்ததும் படகை மணல்ல ஏத்தி விட்டுட்டு, இன்ஜினை மட்டும் கழட்டித் தோள்ல தூக்கிட்டு வீட்டுக்கு வந்துடுவோம். படகு வெளியில கிடக்கும், இன்ஜின் திண்ணையில தார்ப்பாய் போத்திட்டுத் தூங்கும். அப்பா கணக்குல அதுதான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. நான் ரெண்டாவது.

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். எரியற எண்ணெயோட சக்தியில பாதி கூட படகைத் தள்ளுற வேலையா மாறுறதில்ல. மிச்சமெல்லாம் சூடுதான். காருக்கு முன்னால ரேடியேட்டர் இருக்கும், அதுக்குள்ள ஒரே தண்ணி சுத்திச் சுத்தி வரும். அவுட்போர்டுக்கு ரேடியேட்டர் கிடையாது. கடல்தான் ரேடியேட்டர். இன்ஜினோட கால் பகுதி தண்ணிக்குள்ள இருக்குமில்லையா, அதுல ப்ரொப்பெல்லருக்கு மேல ரெண்டு பக்கமும் சல்லடை மாதிரி வாசல் இருக்கும். அதுக்குக் கொஞ்சம் மேல ஒரு பம்பு. பம்புன்னதும் கிணத்து மோட்டாரைக் கற்பனை பண்ணிக்காதீங்க. உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு ரப்பர் சக்கரம், அதைச் சுத்தி ஆறு இதழ், அவ்வளவுதான். புத்தகத்துல இம்பெல்லர்னு இருக்கும். எங்க வீட்ல பம்பு ரப்பர். ப்ரொப்பெல்லருக்குப் போற அதே தண்டுதான் இதையும் சுத்துது. இதழ்கள் மடங்கி, விரிஞ்சு, கடல் தண்ணியை ஒரு குழாய் வழியா மேல தள்ளும். அது சிலிண்டரைச் சுத்தி, ஹெட்டைச் சுத்தி, சூட்டை வாங்கிக்கிட்டு, புகையோட சேர்ந்து இறங்கிக் கடலுக்கே போயிடும். அதுல ஒரு சின்னக் கிளை மட்டும் பின்பக்கம் ஒரு ஓட்டை வழியா வெளிய பீச்சி அடிக்கும். உள்ள தண்ணி ஓடுதுன்னு நமக்குக் காட்டுற அடையாளம் அது. எங்க கரையில அதை எப்படிச் சொல்றாங்கன்னு தலைப்புலேயே பாத்திருப்பீங்க. விடியக்காலம் நாலு மணிக்கு, கும்மிருட்டுல, கயித்தை இழுத்து ஸ்டார்ட் பண்ணதும் அப்பா கேக்கிற முதல் கேள்வி அதுதான். மாமா பின்னால கையை நீட்டிப் பாத்துட்டு "போகுது, போகுது"ம்பார். அப்புறம்தான் படகு நகரும்.

(பெரிய விசைப்படகுகள்ல இருக்கிற டீசல் இன்ஜின் கதை வேற. பொதுவா அதுல இன்ஜினைச் சுத்தி ஓடுறது நல்ல தண்ணி. அந்த நல்ல தண்ணியைக் குளிர வெக்க மட்டும்தான் கடல் தண்ணி. நம்ம சின்ன இன்ஜினுக்கு அந்த ராஜ உபசாரம் கிடையாது.)

தண்ணி விஷயத்துல இன்ஜினுக்கு ரெண்டு ஆபத்து. ஓடும்போது தண்ணி வராம போறது ஒண்ணு. நிறுத்தினதுக்கு அப்புறம் தண்ணி உள்ளேயே தங்குறது இன்னொண்ணு. முதலாவதுக்கு எல்லாரும் பயப்படுவாங்க. ரெண்டாவதை யாரும் கண்டுக்கிறதில்ல. என் கட்சி ரெண்டாவது. இன்ஜின் நின்னு போறது கடல்லதான்னாலும், அதுக்கான வேலை பெரும்பாலும் திண்ணையில, தார்ப்பாய்க்கு அடியிலதான் நடக்குது.

எப்படின்னு பாருங்க. கடல் தண்ணியில லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. இன்ஜின் ஓடுற வரைக்கும் அந்த உப்பு வந்த வேகத்துலயே வெளிய போயிடும். நிறுத்தினதும், வளைவுலயும் சந்துலயும் கொஞ்சம் தண்ணி நின்னுடும். இன்ஜின் இன்னும் கொதிச்சுக்கிட்டு இருக்கு. தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகுமா? தூத்துக்குடிக்காரனுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்க மாவட்டத்து உப்பளம் பூரா இந்த ஒரே தத்துவத்துலதான் நடக்குது. நாங்க தினமும் கடலுக்குப் போயிட்டு வந்து இன்ஜினுக்குள்ள ஒரு குட்டிப் பாத்தி கட்டுறோம். மறுநாள் அது மேல இன்னொரு பாத்தி.

சாப்பாட்டு உப்பு மட்டும்னா கூடப் பரவாயில்ல, நல்ல தண்ணி பட்டா கரைஞ்சிடும். கூடவே வர்ற சுண்ணாம்புதான் வில்லன். வெந்நீர் அண்டாவுக்குள்ள வெள்ளையா ஓடு மாதிரி ஒட்டியிருக்கும்ல, அதே சமாச்சாரம். சூடு ஏற ஏற அது இன்னும் வேகமாப் படியும். ஒரு தடவை படிஞ்சா நல்ல தண்ணிக்குக் கரையாது. பாதை குறுகும், குறுகினா தண்ணி குறையும், தண்ணி குறைஞ்சா சூடு ஏறும், சூடு ஏறினா இன்னும் படியும். கந்து வட்டி மாதிரி. இதோட, உப்பு ஈரத்துல அலுமினியம் அரிச்சு வெள்ளைப் பொடியா உதிர்றது தனிக் கணக்கு.

பி.காம். முதல் வருஷத்துல தேய்மானம்னு ஒரு பாடம் உண்டு. நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறைன்னு ரெண்டு வழி சொல்லித் தந்தாங்க. ரெண்டுலயும் இயந்திரம் வருஷத்துக்கு இத்தனை சதவீதம்னு ஒழுங்கு மரியாதையா மதிப்பு குறையும். எங்க பழைய இன்ஜின் அந்தப் பாடத்தைப் படிச்சதில்ல போல. ஒரே காலையில மொத்த மதிப்பையும் இழந்துடுச்சு.

நான் பிளஸ் ஒன் முடிச்ச மே மாசம் அது. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், 61 நாள். எங்களை மாதிரி பைபர் படகுக்காரங்க அப்பவும் கடலுக்குப் போகலாம். மார்க்கெட்டுக்கு வர்ற மீன் குறைவு, அதனால விலை ஏறி நிக்கும். வருஷத்துல எங்களுக்குக் கை நிறையக் காசு பாக்குற நாட்கள் அதுதான். சரியா அந்த மாசத்துல, கரையிலேருந்து நல்ல தூரத்துல, இன்ஜின் 'கிறீச்'னு ஒரு சத்தம் போட்டு நின்னுச்சு. கயித்தை இழுத்தா அசையல. பிஸ்டன் அலுமினியம், அது ஓடுற சிலிண்டர் உறை இரும்பு. சூட்டுல அலுமினியம் இரும்பை விட அதிகமா விரியும். நடுவுல இருக்கிற மயிரிழை இடைவெளி மூடிடுச்சுன்னா முடிஞ்சுது கதை. பக்கத்துல வலை போட்டிருந்த சித்தப்பா படகு கட்டி இழுத்துட்டு வந்துச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, நிக்கிற வரைக்கும் அது ஜோரா ஒண்ணுக்குப் போய்க்கிட்டுதான் இருந்துச்சு!

கழட்டிப் பாத்தப்பதான் புரிஞ்சுது. ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு மெக்கானிக் பம்பு ரப்பர் மாத்தியிருந்தார். பழைய ரப்பர்ல ரெண்டு இதழ் இல்ல. தேஞ்ச ரப்பர்னா அப்படித்தான் இருக்கும்னு தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிட்டார். பிஞ்சு போன அந்த ரெண்டு இதழ் எங்க போச்சு? ரப்பர் காத்துல கரைஞ்சு போகாது. தண்ணி தள்ளின வழியிலேயே மேல போய், சிலிண்டரைச் சுத்திப் போற பாதையில உப்பும் சுண்ணாம்பும் ஏற்கெனவே குறுக்கி வெச்சிருந்த இடத்துல, கார்க் மாதிரி செருகிக்கிச்சு. அடையாளத் தண்ணி பிரியற கிளை அதுக்கு முன்னாடியே இருந்ததால அது பாட்டுக்கு வெளிய வந்துட்டிருந்துச்சு. கண்ணுக்குத் தெரியற தண்ணி வேற, சூட்டை வாங்குற தண்ணி வேற.

அப்பா பதினேழு நாள் அடுத்தவங்க படகுல பங்குக்குப் போனார். சொந்தப் படகு கரையில கவுந்து கிடக்க, அதைத் தாண்டி நடந்து போய் இன்னொருத்தர் படகைத் தள்ளுறதுங்கிறது என்னன்னு நான் எழுதினா சினிமா வசனம் மாதிரி ஆயிடும், விட்டுடறேன். கணக்கை மட்டும் சொல்றேன், அது எனக்கு நல்லா வரும். பழைய இன்ஜின் ஒண்ணு வாங்க ஏலக்காரர்கிட்ட 40,000 ரூபாய் அட்வான்ஸ். வட்டி கிடையாது. கேக்க நல்லா இருக்கில்ல? ஆனா பிடிக்கிற மீனை அவர்கிட்டதான் போடணும். மத்தவங்களை விட நூத்துக்கு அஞ்சு ரூபாய் கூடுதல் கழிவு. நல்ல மாசம் கெட்ட மாசம் சேர்த்து எங்க படகுக்குச் சராசரியா 40,000 ரூபாய்க்கு மீன் போகுதுன்னு வெச்சுப்போம். மாசம் 2,000 ரூபாய் கூடுதல் கழிவுலயே போயிடும். வருஷத்துக்கு 24,000. வட்டியில்லாத கடனுக்கு வருஷம் 60 சதவீத வட்டி, அசல் அப்படியே நிக்குது. ஒரு பம்பு ரப்பர் விலை சில நூறு ரூபாய். அதோட பிஞ்ச இதழைத் தேடி எடுக்க ஆகுற செலவு ஒரு மணி நேரம்.

அன்னிலேருந்து எங்க வீட்ல இன்ஜின் சூடானா பாக்குறதுக்கு ஒரு வரிசை உண்டு. காசு செலவில்லாததுலேருந்து ஆரம்பிச்சு, கடைசியாதான் ஸ்பேனர். லீவுல நானும் கூடப் போறதால எனக்கும் மனப்பாடம்.

முதல்ல, தண்ணி வரலைன்னா உடனே நிறுத்தணும். ரப்பர் இதழுக்குத் தண்ணிதான் எண்ணெய். காய்ஞ்சு சுத்தினா கொஞ்ச நேரத்துலயே கருகிப் போயிடும். நிறுத்திட்டு இன்ஜினைத் தூக்கிக் காலைப் பாக்கணும். பத்துக்கு எட்டுத் தடவை அங்கேயே விடை இருக்கும், அதுவும் பிளாஸ்டிக் பை. பாசியும் வரும், சில மாசங்கள்ல சொறிமீன் கூட வந்து ஒட்டும். ஆனா நம்ம ஜனங்க ஆத்துலயும் ஓடையிலயும் வீசுற பை மாதிரி வாசலை அப்படியே கச்சிதமா மூடுறதுக்கு கடவுள் எதையும் படைக்கல. போன டிசம்பர்ல நாங்க எடுத்தது ஒரு ஜவுளிக்கடைப் பை. "தீபாவளிக்கு நமக்குத்தான் துணி எடுக்கல, இன்ஜினுக்காவது எடுத்துச்சே"ன்னார் மாமா.

பை இல்லையா? அடுத்தது அந்த ஓட்டை. கரையிலேருந்து படகைத் தள்ளும்போது ஆழம் குறைஞ்ச இடத்துலயே ஸ்டார்ட் பண்றோம், அலை கலக்கின மணலையும் சேர்த்துதான் பம்பு குடிக்குது. அந்த மணல் ஓட்டையை அடைக்கும். தடிமனான தூண்டில் நரம்பை விட்டு ரெண்டு குத்து குத்தினா திறந்துக்கும். கம்பி வேண்டாம், உள்ள கீறும். தண்ணி வரல, ஆனா ஹெட்டைத் தொட்டா கை வெக்கிற சூடுதான்னா, பெரும்பாலும் அடைச்சது ஓட்டை மட்டும்தான். தொடும்போது பாத்துத் தொடணும். முதல்ல ரெண்டு சொட்டுத் தண்ணி தெளிச்சுப் பாருங்க, சுர்ருன்னு பொரிஞ்சா கையைப் பாக்கெட்லயே வெச்சுக்கிறது உத்தமம். அப்ப அது மேல கடல் தண்ணியை வாளியில மொண்டு ஊத்துற வீரர்களும் இருக்காங்க. தோசைக்கல்லு தாங்கும், சூடான ஹெட் தாங்காது, கோணிக்கும். தானா ஆறட்டும்.

மெதுவா ஓடும்போது நூல் மாதிரி வடியுது, வேகம் கூட்டினா நல்லா வருதுன்னா பம்பு ரப்பர் தேஞ்சிருக்கு, இல்ல ஒரே பக்கமா மடங்கிப் படிஞ்சிருக்கு. கச்சான் காத்து அடிச்சு நாலஞ்சு நாள் கடலுக்குப் போகலைன்னா, மடங்கின இதழ் மடங்கினபடியே பழகிடும். இதுக்கு அப்பா பண்றது சும்மா இருக்கிற நாள்ல கயித்தை ஒரு தடவை மெதுவா இழுத்து விடுறது. இதழ் இடம் மாறிக்கும். ஸ்டார்ட் பண்ணக் கூடாது, ஒரு அரைச் சுத்து போதும்.

இதெல்லாம் சரியா இருந்து, தண்ணியும் பலமா வந்து, அப்பவும் சூடாகுதுன்னா அப்பதான் தலையைத் திறக்கணும். அடைப்பு மேல இருக்கு, இல்லன்னா தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு.

தெர்மோஸ்டாட் பத்தி எங்க கரையில ஒரு பெரிய கோஷ்டிச் சண்டையே இருக்கு. அது ஒரு சின்ன வால்வு. உள்ள மெழுகு இருக்கும். இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது மூடியிருக்கும், தேவையான சூடு வந்ததும் மெழுகு உருகி விரிஞ்சு திறந்துவிடும். கார்ல இருக்கிறதை விட அவுட்போர்டுல இது குறைஞ்ச சூட்டுலயே திறக்கும், பொதுவா 50-லேருந்து 60 டிகிரிக்குள்ள. கடல் தண்ணியை அதுக்கு மேல கொதிக்க விட்டா நான் மேல சொன்ன சுண்ணாம்பு சீக்கிரம் படியும்கிறதுதான் காரணம். உப்பு கட்டிக்கிட்டு இது மூடினபடியே ஒட்டிக்கிறது உண்டு. உடனே நிறைய பேர் பண்றது, அதைக் கழட்டித் தூர வீசிடறது. "இனிமே எப்பவும் தண்ணி ஃப்ரீயாப் போகும்ல!" போகும். ஆனா மண்ணெண்ணெய் பெட்ரோல் மாதிரி இல்ல. சூடு இருந்தாதான் ஒழுங்கா ஆவியாகி எரியும், இல்லன்னா பாதி எரியாம கரியாப் பிடிக்கும், பிளக் கறுக்கும், எண்ணெய் அதிகம் குடிக்கும். சூட்டுக்குப் பயந்து இன்ஜினை ஜலதோஷத்துல தள்ளுறது எனக்குப் புத்திசாலித்தனமாத் தெரியல. மாமாவுக்கும் எனக்கும் இதுல ஒத்துவராது. அவர் ரெண்டு இன்ஜின்ல கழட்டியவர், ரெண்டும் இன்னும் ஓடுதுங்கிறது அவர் வாதம். பிளக்குக்கு எவ்வளவு செலவு பண்றீங்கன்னு கேட்டா பேச்சை மாத்திடுவார்.

தெர்மோஸ்டாட் வேலை செய்யுதான்னு பாக்க மெக்கானிக் வேண்டாம். கழட்டி ஒரு பழைய பாத்திரத்துல தண்ணியோட அடுப்புல வைங்க. நூல்ல கட்டித் தொங்க விடுங்க, அடியில படக் கூடாது. தண்ணி சூடாகச் சூடாக வாயைத் திறந்தா உயிரோட இருக்கு. கொதி வந்தும் திறக்கலைன்னா மாத்திடுங்க. அம்மாவோட டீப் பாத்திரத்துல வைக்காதீங்க.

படிஞ்ச சுண்ணாம்புக்கு மருந்து புளிப்பு. பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்குற வீட்ல இதுக்கு விளக்கம் தேவையில்ல. நாங்க கடையில விக்கிற வெள்ளை வினிகரைத் தண்ணி கலந்து, கழட்டின பாகங்களை ராத்திரி பூரா ஊற வெப்போம். குமிழ் குமிழா வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். காலையில நல்ல தண்ணியில அலசி, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா விட்டுடும். மெதுவான வேலை. அவசரக்காரங்க கக்கூஸ் கழுவுற ஆசிட்டை ஊத்துறதும் உண்டு. சுண்ணாம்பு அஞ்சு நிமிஷத்துல போயிடும், கூடவே அலுமினியமும் போகும். எங்க தெருவுலயே ஒருத்தர் அப்படிச் சுத்தம் பண்ணி, ஹெட்ல ஊசி ஊசியா ஓட்டை வாங்கிக்கிட்டார்.

ஆனா இதெல்லாம் வந்த பின் வைத்தியம். தினமும் கரைக்கு வந்ததும் பத்து நிமிஷம் நல்ல தண்ணியில ஓட்டிவிட்டா இதுல முக்கால்வாசி வரவே வராது. எல்லா இன்ஜின் புத்தகத்துலயும் இது எழுதியிருக்கு. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஏன் பல பேர் செய்யறதில்ல? சோம்பேறித்தனம்னு வெளியூர் ஆளுங்க சொல்வாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். புத்தகம் எழுதினவர் வீட்ல குழாயைத் திறந்தா தண்ணி வரும் போல. எங்க தெருவுக்குத் தாமிரபரணித் தண்ணி ஒண்ணுவிட்டு ஒரு நாள், ஒரு மணி நேரம். வீட்டுக்கு எட்டுக் குடம் கிடைச்சா அன்னிக்கு அதிர்ஷ்டம். கிணத்துல ஊறுறது சப்பத் தண்ணி, குடிக்க ஆகாது.

புது இன்ஜின் வந்த வாரம் அப்பா 200 லிட்டர் பீப்பாயைப் பாதியா வெட்டி முற்றத்துல வெச்சார். பின்சுவர்ல கட்டை அடிச்சு அதுல இன்ஜினை மாட்டி, கால் பகுதி பீப்பாய்க்குள்ள இறங்குற மாதிரி ஏற்பாடு. தண்ணி மட்டம் பம்புக்கு மேல இருக்கணும், அதுக்கு 100 லிட்டர் வேணும். ஆறேழு குடம்.

அம்மா ஒரு தடவைதான் பாத்தாங்க. "நாலு உசிரு குடிக்கிற தண்ணியை இந்த இரும்புக்கு ஊத்துறீங்களா?"

"இரும்பு ஓடுனாத்தாம்ளா நாலு உசிருக்கும் சோறு."

"சோறு பொங்கத் தண்ணி?"

அப்பாகிட்ட பதில் இல்ல. ரெண்டு பேர் சொல்றதும் சரி. மூணு நாள் வீட்ல பேச்சுவார்த்தை கிடையாது, இன்ஜினுக்கும் குளியல் கிடையாது. இந்த இடத்துலதான் பி.காம். படிப்பு (அப்ப பிளஸ் டூ காமர்ஸ்) உள்ள நுழைஞ்சுது. பீப்பாய்த் தண்ணியை ஒவ்வொரு தடவையும் கீழ கொட்டணும்னு யார் சொன்னா?

கணக்கு போட்டேன். கரையில தூக்கும்போதே பெரும்பாலான தண்ணி வடிஞ்சிடும். உள்ள மிச்சம் நிக்கிறது மிஞ்சிப் போனா ஒரு லிட்டர்னு வெச்சுக்கிட்டேன். அதுல 35 கிராம் உப்பு. அது 100 லிட்டர் பீப்பாய்ல கலந்தா லிட்டருக்கு 0.35 கிராம். பத்து நாள் அதே தண்ணியில ஓட்டினாலும் லிட்டருக்கு 3.5 கிராம், அதாவது கடல்ல இருக்கிறதுல பத்துல ஒரு பங்கு. பத்தாவது நாள் கூட, கழுவாம விடுறதை விடப் பத்து மடங்கு மேல். அதையும் முதல் தண்ணியா வெச்சுக்கிட்டா போதும். கடைசியா ரெண்டு குடம் நல்ல தண்ணியில ஒரு அலசு. "துணிக்கு சோப்புத் தண்ணி வேற, அலசுற தண்ணி வேறதானம்மா?"ன்னு கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்ப முதல் தண்ணிக்கு எதுக்குல ஆத்துத் தண்ணி? கிணத்துச் சப்பத் தண்ணியை ஊத்து"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல! எங்க கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்கும், ஆனா கடல் கிட்ட வைக்க முடியாது.

அதுதான் இன்னிவரைக்கும் நடைமுறை. பீப்பாய்ல சப்பத் தண்ணி. ப்ரொப்பெல்லரைக் கழட்டிட்டு, நியூட்ரல்ல, மெதுவா பத்து நிமிஷம் ஓட்டறது. பத்து நிமிஷம்கிறது சடங்கு இல்ல. தெர்மோஸ்டாட் திறக்குற அளவுக்குச் சூடு வந்தாதான் தண்ணி எல்லாப் பாதையிலயும் போகும். ரெண்டு நிமிஷத்துல நிறுத்தினா முகம் மட்டும் கழுவின மாதிரி. அப்புறம் நிறுத்தி, மேல் பக்கம் வெட்டின ஒரு நீலக் கேன்ல ரெண்டு குடம் நல்ல தண்ணி. கேன் ஒடுக்கமா இருக்கிறதால கொஞ்சத் தண்ணியே பம்புக்கு மேல வந்துடும். அதுல ரெண்டு நிமிஷம். அந்தத் தண்ணியும் வீணில்ல, மறுநாள் பீப்பாய்க்கு. பத்து நாளைக்கு ஒரு தடவை பீப்பாயைக் கவுத்துக் கழுவிப் புதுசு ஊத்துவோம். மேல மிதக்கிற எண்ணெய்ப் படலத்தைப் பழைய துணியால ஒத்தி எடுத்துடணும். பீப்பாய்க்கு மூடி முக்கியம், இல்லன்னா கொசுப் பண்ணை ஆயிடும்.

கடைசியா ஒண்ணு, தூக்குற விதம். ஈரமான இன்ஜினைத் தோள்ல போடும்போது சில பேர் வசதிக்காகத் தலையைக் கீழயும் காலை மேலயும் விட்டுத் தூக்குவாங்க. காலுக்குள்ள நிக்கிற உப்புத் தண்ணி புகைபோற வழியாவே திரும்பி ஓடி சிலிண்டருக்குள்ள இறங்கும். ரெண்டு நாள் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா பிஸ்டன் வளையம் துரு. எப்பவும் தலை மேல, கால் கீழ. கழுவி முடிச்சதும் நிமிர்த்தி நிக்க வெச்சு முழுசா வடிய விடணும், அப்புறம்தான் படுக்க வைக்கலாம்.

வருஷா வருஷம் ஏப்ரல் 15-க்கு முந்தின வாரம் நாங்களே பம்பு ரப்பரை மாத்திடறோம், தேஞ்சாலும் தேயாட்டியும். பழசை நியூஸ்பேப்பர் மேல வெச்சு நான் இதழை எண்ணுவேன். ஆறும் இருந்தா அது படகுல ஸ்பேர் டப்பாவுக்குப் போகும். அஞ்சுதான் இருந்தா, புது ரப்பரை அப்பா கவர்லேருந்து பிரிக்கவே மாட்டார். குழாயைக் கழட்டி, டார்ச் அடிச்சு, அந்த ஆறாவது எங்கேன்னு தேடுறதுதான் அன்னிக்கு வேலை.